பத்தடி தள்ளி

கிராணி என்பது நாயின் பெயர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து ஆட்களைக் கணக்கெடுக்கும் கிராணியார் ஜெயசங்கரைப் பற்றிய கதை என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். அவர் ஏற்கெனவே இந்தப் பெயர் விஷயத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

பெயர் வந்த கதை சின்னதுதான். மயிலம்மாள் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கிறவள். அவள் எந்த பிளாக்குக்குப் போனாலும் நாயும் கூடவே போகும். ஆனால் மர நிரைக்குள் காலை வைக்காது. ஓரமாக ஒரு மேடு பார்த்து உட்கார்ந்துகொண்டு, யார் வேலை செய்கிறார்கள், யார் மரத்தடியில் சாய்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. "இது நாயில்லக்கா, கிராணி" என்று கூட வேலை செய்யும் ராக்கம்மா ஒருநாள் சொன்னாள். லோரியில் வந்த அத்தனை பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து அது கிராணி.

அந்தக் கிராணியைத்தான் சனிக்கிழமை மத்தியானம் வேனில் ஏற்றி, கடலோரத்துச் சி ரூசாவுக்கு அனுப்பிவிடுவதென்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தவன் மகன் புவனேஸ்வரன். சரி என்று தலையாட்டியவள் மயிலம்மாள். அவள் தலையாட்டியதை நம்ப முடியாமல் வரிசை வீட்டு லயமே வாயில் கையை வைத்தது. ஏனென்றால் புருஷன் போன பிறகு இந்த ஆறு வருஷத்தில் அவள் அதிகம் பேசியது அந்த நாயோடுதான்.

நடந்தது இது. பத்து நாளைக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, பன்னிரண்டாம் நம்பர் பிளாக்கில் மருந்தடித்து முடித்தபோது மழை கறுத்துக்கொண்டு வந்தது. மற்றவர்கள் லோரியில் ஏறிவிட்டார்கள். மயிலம்மாளின் வீடு குறுக்குவழியில் கால்மணி நேர நடை. அவள் எப்போதும் போல நடந்துதான் போவாள் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் தெரியும். அதனால் யாரும் அவளைத் தேடவில்லை. வாய்க்காலின் மேல் போட்டிருந்த பலகை பாசி பிடித்துக் கிடந்தது. இன்னும் கழற்றாத கோட்டு, கையுறை, முதுகில் காலி பம்பு, காலில் ரப்பர் பூட்ஸ். பலகை வழுக்கியது. கழுத்தளவு பள்ளத்தில் விழுந்தாள். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

கைப்பேசி வீட்டில் இருந்தது. மருந்து வேலைக்கு அவள் அதை எடுத்துப்போவதில்லை. முதல் போன் அப்படித்தான் மருந்து பட்டுச் செத்தது. பள்ளத்தில் ஒற்றைக்காலை ஊன்றி நிமிர்ந்தால் கரைமேல் மோவாயை வைக்கலாம், அவ்வளவுதான். ஏற முடியவில்லை. தொண்டை கிழியக் கத்தினாள். லோரி போன திசையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

கிராணி ஓடி வந்தது. கரைக்குப் பத்தடி தள்ளி நின்றது.

"வாடா கிராணி, வாடா" என்று அவள் கையைத் தூக்கிக் கூப்பிட்டாள்.

அது உட்கார்ந்தது.

அவள் திரும்பவும் கூப்பிட்டாள். அழுதுகொண்டே கூப்பிட்டாள், திட்டிக்கொண்டே கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிட அது இன்னும் நன்றாகச் சம்மணம் போட்டது போல உட்கார்ந்தது. ஊளையிட்டது. எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. ஆளைக் கூட்டிவரவும் போகவில்லை, கிட்டேயும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்ட பிறகு அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மரத்தடிக்குக்கூட ஒதுங்காமல் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் குவியலாக அது இருந்தது மட்டும் தெரிந்தது. இரண்டு மணி நேரம். கடைசியில் பழக்குலை ஏற்ற டிராக்டரில் வந்த இரண்டு பங்களாதேசித் தொழிலாளர்கள் அவள் முனகலைக் கேட்டு இறங்கி வந்து தூக்கினார்கள். முன்பின் தெரியாத அந்த இரண்டு பேர் தோளில் சாய்ந்துகொண்டு போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். நாய் அதே பத்தடி தூரத்தில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் காலுக்குள் தகடு வைத்து, வெளியே மாவுக்கட்டுப் போட்டு, ஐந்து நாள் வைத்திருந்தார்கள். அந்த ஐந்து நாளும் அவளுக்குக் கால் வலித்த நேரத்தைவிட நாயை நினைத்து வலித்த நேரம் அதிகம். பள்ளிக்கூடத்தில் நாயைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் முதல் வரியில் என்ன எழுதும் என்று நமக்குத் தெரியும். அந்த வரி தன் வீட்டு நாய்க்கு மட்டும் பொருந்தாமல் போய்விட்டதே என்று அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள். அந்தக் கட்டில்காரி வந்த போன சொந்தக்காரர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள்.

மயிலம்மாளுக்கு இதில் வேறொரு அவமானமும் இருந்தது. நாயின் பாஷை தனக்குத் தெரியும் என்று லயத்தில் பீற்றிக்கொண்டவள் அவள். பொய்யும் இல்லை. உடும்பைக் கண்டால் ஒரு குரைப்பு, காட்டுப்பன்றிக்கு வேறு. வாலை இடது பக்கமாக ஆட்டினால் தெரிந்த ஆள், விறைத்துக்கொண்டால் புது ஆள். காதைப் பின்னால் மடக்கினால் இடி வரப்போகிறது. கிராணியார் ஜெயசங்கரின் காருக்கென்று தனியாக ஒரு உறுமல் வைத்திருந்தது, அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு நாய் சோறு தின்னாவிட்டால்கூட, "மயிலக்கா, வந்து என்னான்னு கேளுங்க" என்று அழைத்துப் போவார்கள். அவளும் ஏதோ டாக்டர் போலக் குனிந்து பார்த்து, பல்லில் மீன்முள் என்றோ, சும்மா கோபம் என்றோ சொல்லிவிட்டு வருவாள். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் நாய் இரண்டு மணி நேரம் தன்னைப் பார்த்துக்கொண்டு என்ன நினைத்தது என்று தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தாள். சாகட்டும் என்று விட்டது என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடைக்கவில்லை.

புவனேஸ்வரனுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவன். உதவாததை மாற்றிவிடுவது அவன் பழக்கம்.

"நாய் எதுக்கும்மா வளக்குறோம்? ஆபத்துக்கு ஒதவணும். நீங்க சாகக் கெடந்தப்ப வேடிக்கை பாத்த நாய்க்கு இன்னும் சோறு போடணுமா? என் கூட்டாளி சந்திரன் சி ரூசால போட் இஞ்சின் ரிப்பேர் கடை வெச்சிருக்கான். காவலுக்கு நாய் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான் லா. குடுத்துட்டு நீங்க என்னோட சிரம்பான் வந்துருங்க. கால் சரியாகுற வரைக்கும் இருங்க."

மகன் வீடு நான்காவது மாடி. அங்கே நாயைக் கொண்டுபோக முடியாது. ராக்கம்மா ஒரு வழி சொன்னாள்: "ரெண்டு மாசந்தானே, நான் சோறு வைக்கிறேன். நீங்க திரும்பி வர்றப்ப இங்கதான் இருக்கும்."

"வேணாம்" என்றாள் மயிலம்மாள். "அது மூஞ்சியப் பாத்தா அந்தப் பள்ளந்தான் ஞாபகம் வருது. போவட்டும்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கிராணி வாசலில் உடம்பையே வாலாக்கி ஆட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அது குளிக்கிற பைப்படிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. முன்னங்கால்களை நக்கிக்கொண்டே இருந்தது. சொகுசைப் பார் என்று இவள் வீட்டுக்குள்ளிருந்து பொருமினாள்.

இந்த இடத்தில் இன்னொரு நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிராணிக்கு முன்னால் மணி என்று ஒரு குட்டி இருந்தது. மூன்று மாதக் குட்டி. மயிலம்மாள் வேலை முடிந்து வந்ததும் பூட்ஸை நக்கும், கையுறையைக் கடித்து இழுக்கும், கோட்டு நுனியில் தொங்கும். அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். ஒருநாள் சாயந்திரம் வாயில் நுரை தள்ளிக் குட்டி செத்துப்போனது. மருந்துதான் காரணம் என்று யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாவத்தைத் தன் கையில்தான் வைத்திருந்தாள்.

ஆகவே கிராணியைக் கொண்டுவந்தபோது அவள் முதலில் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். மருந்தடிக்கும் நீலக் கோட்டு தன்மேல் இருந்தால் கிட்டே வரக்கூடாது. மஞ்சள் கையுறை மாட்டிய கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினால் பத்தடி தள்ளி உட்கார வேண்டும். குட்டி கேட்காது, ஓடி வரும், அவள் பின்வாங்குவாள், மறுபடி கையைத் தூக்குவாள். ஒரே ஒரு தடவை பம்புக் கம்பியால் முதுகில் போட்டாள். போட்டுவிட்டு அன்று ராத்திரி சோறு சாப்பிடவில்லை. மூன்று வாரத்தில் கிராணி கற்றுக்கொண்டது. அதன் பிறகு அவள் வேலைவிட்டு வந்து, பைப்படியில் குளித்து, கைலி கட்டி, ஈரத்தலையோடு வாசற்படியில் உட்கார்ந்து தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் வரும். வந்து மடியில் தலையைப் போடும். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. நாளடைவில் கோட்டு இல்லாதபோதும், அவள் சாப்பிடும்போதும் வாசல் பெருக்கும்போதும், கையைத் தூக்கினால் போதும், அது நகர்ந்து உட்காரும். எழுந்து பல் விளக்குவது போல அதுவும் அவளுக்குப் பழக்கமாகிப்போய்விட்டது. செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் செய்தாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வேன் வந்தது. சந்திரன் நல்ல மனிதன். வேனுக்குள் பழைய பாய் விரித்து, ஒரு பொட்டலம் பொரித்த கோழியும் வாங்கி வந்திருந்தான். மயிலம்மாளை நாற்காலியோடு தூக்கி வாசலில் உட்கார வைத்தார்கள். கட்டுப்போட்ட கால் முக்காலிமேல் நீண்டிருந்தது.

கிராணி கோழியை முகர்ந்து பார்த்தது. தின்னவில்லை. புவனேஸ்வரன் கிட்டே போனால் விலகி ஓடியது. துரத்தாவிட்டால் திரும்பி வந்து மயிலம்மாளைப் பார்த்தபடி நின்றது. கால்மணி நேரம் இரண்டு ஆம்பளைகளும் வாசலைச் சுற்றிச் சுற்றி வந்து வியர்த்துப்போனார்கள்.

அப்போது ராக்கம்மா வந்து சேர்ந்தாள். லோரியில் இருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒற்றை ரப்பர் பூட்ஸ்.

"உங்க பூட்ஸுக்கா. இன்னிக்குப் பன்னெண்டாம் நம்பர்ல வேல. வாய்க்கால்ல கெடந்துச்சு."

கிராணிக்கு ராக்கம்மா என்றால் உயிர். தினமும் அவள் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டில் பாதி அதற்குத்தான். இப்போது அவள் வாசலுக்குள் காலெடுத்து வைத்ததும் அது எழுந்தது, வாலை ஆட்டிக்கொண்டே பின்னால் போனது, பைப்படிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்களா, இவளைப் பாத்தாகூட ஓடுது" என்றான் புவனேஸ்வரன். "யாருகிட்டயும் ஒட்டாத நாய் லா இது."

"ஐயே, அது கோட்டுக்கு. எப்பவும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு ராக்கம்மா மயிலம்மாளிடம் திரும்பினாள். "ஆமாக்கா, அந்த வாய்க்காலுக்குக் கிட்ட அவ்ளோ பெரிய குழி யாரு வெட்னது? கன்னு நட வெட்ற குழியாட்டம் இருக்கு. வாளியே எறங்கும். சுத்தி நாய் நகம் கீறுன தடம். மழ பேஞ்சும் அழியல."

மயிலம்மாள் எவ்வளவு தூரத்தில் என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்தது.

புவனேஸ்வரன் பொறுமையிழந்தான். "அம்மா, நேரமாவுது. சந்திரன் கடையத் தொறக்கணும். நாங்க கூப்பிட்டா வராது. நீங்க சொன்னாத்தான் கேக்கும். நீங்க சொல்லுங்கம்மா, ஏறும்."

நீங்கள் சொன்னால்தான் கேட்கும். அந்தப் பேச்சு அவளுக்குள் எங்கோ போய் இடித்தது. தன்னைக் கொஞ்சம் யோசிக்க விட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "கொஞ்சம் இருடா" என்று மகனைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

கிராணி உட்கார்ந்தது.

அது அதற்குள் மெல்ல அவள் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. நடந்த காலை அப்படியே நிறுத்தி, பத்தடி தள்ளி உட்கார்ந்து, அவள் கையையே பார்த்தது. முன்னங்கால்கள் நடுங்கின. தொண்டைக்குள்ளே ஒரு சின்ன முனகல்.

மயிலம்மாள் தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் அந்தரத்தில் இருந்தது. உள்ளங்கை வெளியே தெரிய, விரல்கள் நிமிர்ந்து. வா என்று நம் ஆட்கள் கூப்பிடும்போது கை இப்படித்தானே மேலே போகும், உள்ளங்கை இப்படித்தானே எதிரே இருப்பவருக்குத் தெரியும். பள்ளத்துக்குள்ளிருந்து அன்று வெளியே தெரிந்தது இந்தக் கை ஒன்றுதான். மஞ்சள் கையுறையோடு, நீலக் கோட்டின் கையோடு. அவள் எத்தனை தடவை தூக்கினாள்? நாற்பது தடவை இருக்கும். ஐம்பது இருக்கும். வா, வா என்று கதறியபோதெல்லாம் கை போ, போ என்று சொல்லியிருக்கிறது. வாயை நம்புவதா கையை நம்புவதா என்று அது தவித்திருக்கிறது. கையை நம்பு என்று அதை அடித்துப் பழக்கியவளே அவள்தான். கிட்டே வர முடியாமல், விட்டுப் போகவும் முடியாமல், உட்கார்ந்த இடத்தில் மண்ணைக் கீறிக் கீறிக் குழி பறித்திருக்கிறது.

நாயின் பாஷையை ஆறு வருஷம் படித்தாளே, அந்த நாய்க்குத் தன் பாஷை எப்படிக் கேட்கும் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாளா? அதை நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலே அழுகை வந்தது. எல்லார் எதிரிலும் அழுதாள்.

"என்னம்மா, கால் வலிக்குதா?" என்று புவனேஸ்வரன் பதறி ஓடி வந்தான்.

"நான்தான்டா வராதேன்னேன்."

"யார?"

"அவன. அன்னிக்கு ரெண்டு மணி நேரமும் வராதே வராதேன்னு நான்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்துருக்கேன். இந்தா, பாரு." தூக்கிய கையை மகன் முகத்துக்கு நேரே காட்டினாள். "இதத்தான் அவன் பாத்துருக்கான். நான் சொன்னதத்தான் கேட்டுருக்கான்."

புவனேஸ்வரன் கையைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ராக்கம்மாவுக்குப் பிடிபட்டது. அவள் தன் நீலக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "அடப் பாவமே" என்று மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப வேன்?" என்று சந்திரன் கேட்டான். பாவம், அவன் என்ன செய்வான்.

"மன்னிச்சுக்கப்பா. ஒன்ன வீணா அலைய வெச்சுட்டேன்" என்றாள் மயிலம்மாள். பிறகு மகனிடம், "நான் ஒன்னோட வர்றேன். ராக்கம்மா சோறு வெப்பா. நான் திரும்பி வர்றப்ப அவன் இங்க இருக்கணும். சொன்ன பேச்சக் கேட்டதுக்கு ஒருத்தன வீட்ட விட்டு அனுப்புவாங்களா?" என்றாள்.

புவனேஸ்வரன் கோழிப் பொட்டலத்தைக் குனிந்து எடுத்தான்.

கிராணி இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்தப் பாடத்தை மாற்ற முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கோட்டில் மருந்து இருக்கும்வரை அந்தப் பத்தடி இருந்துதான் ஆக வேண்டும். மணியைப் புதைத்த கை அவளுடையது. ஆனால் ஆபத்து என்றால் அந்தப் பத்தடியையும் தாண்டி வா என்று சொல்ல ஒரு சைகை வேண்டும். அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று இத்தனை வருஷமும் அவளுக்குத் தோன்றவே இல்லை. கால் ஆறட்டும், கற்றுக்கொடுக்கலாம்.

"ராக்கம்மா, நீ அப்பிடிக் கொஞ்சம் தள்ளிப் போயேன்" என்றாள். ராக்கம்மா வீட்டின் பின்பக்கம் போனாள்.

மயிலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை மெல்ல இறக்கி, நல்ல காலின் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கிராணி எழுந்தது. ஓடி வரவில்லை. வயிறு தரையில் தேய, ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்தது. வழியில் இரண்டு தடவை நின்று அவள் கையைப் பார்த்தது. கை கீழேதான் இருந்தது. அது வந்து தலையை மடியில் போட்டபோது அவள் அதன் முன்னங்காலை எடுத்துப் பார்த்தாள். நான்கு நகங்களில் மூன்று அடியோடு உடைந்திருந்தன.